பூவா தலையா? சாய்ந்து நிற்கும் ஒரு ரூபாயும் லட்ச ரூபாய் கதையும்

சனிக்கிழமை காலையில் நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கோயில் பக்கம் சில்லறைக்குப் பஞ்சமே இருக்காது. 32 அடி அனுமாரைச் சேவித்துவிட்டு வருபவர்கள் கையிலிருந்து பூக்கடைக்கு, பூக்கடையிலிருந்து டீக்கடைக்கு, அங்கிருந்து ஷேர் ஆட்டோவுக்கு என்று ஒன்றும் இரண்டுமாக நாணயங்கள் கைமாறிக்கொண்டே இருக்கும். அதில் ஏதோ ஒன்று கொஞ்சம் விசித்திரமாக இருக்கலாம். சிங்க முகத்தை நேராகப் பிடித்து, அப்படியே பக்கவாட்டில் திருப்பினால் பின்னால் இருக்கும் '1' நேராக நிற்காது. தள்ளாடுகிற மாதிரி ஒரு பக்கமாகச் சரிந்து நிற்கும்.

அதைக் கவனித்தவர் அடுத்து செய்வது, போனை எடுத்துத் தேடுவது. அங்கேதான் சிக்கல் ஆரம்பம். "இந்த ஒரு ரூபாய் உங்க வீட்ல இருக்கா? நீங்கதான் லட்சாதிபதி!" என்று ஒரு வீடியோ. கீழேயே அதே தோரணையில் நாலு செய்தித் தளங்கள். பத்தாவது நிமிடத்தில் அந்த ஒரு ரூபாய் பர்ஸிலிருந்து பீரோ லாக்கருக்குப் போயிருக்கும்.

நாணயத்தில் இருக்கும் பிழை உண்மையானதுதான். சேகரிப்பாளர்கள் அதை 'டை ரொடேஷன்' என்பார்கள். தமிழில் அச்சுத் திருகல் என்று சொல்லிக்கொள்ளலாம். அதைத் தேடி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். பொய்யாக இருப்பது அந்த லட்சம் மட்டுமே. அந்தப் பொய்யைப் பரப்பியதில் யூடியூபர்களுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, கிளிக் கணக்குப் பார்க்கும் செய்தித் தளங்களுக்கும் அவ்வளவு பங்கு உண்டு. இதை ஊடகங்கள் ஒப்புக்கொள்வதில்லை.

சாய்வு எப்படி வருகிறது?

நாணயம் அடிக்க இரண்டு அச்சுகள் வேண்டும். ஒன்றில் தலை, மற்றதில் பூ. இரண்டுக்கும் நடுவே எந்த உருவமும் இல்லாத உலோக வில்லை. வில்லையைச் சுற்றி 'காலர்' என்ற வளையம். அச்சு இரண்டும் மோதும் ஒரே அடியில் இரு பக்கமும் பதிந்து நாணயம் வெளியே விழுகிறது.

இரண்டு அச்சும் சரியான கோணத்தில் பூட்டப்பட்டிருந்தால் தலையும் பூவும் ஒன்றுக்கொன்று நேராக வரும். மாட்டும்போதே ஒன்றைச் சற்றுத் திருப்பி மாட்டிவிட்டால், அந்த அச்சில் அடித்த எல்லா நாணயமும் அதே கோணத்தில் சாய்ந்திருக்கும். சரியாக மாட்டி, ஓடும்போது பிடி தளர்ந்துவிட்டால் கதை வேறு. அச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிக்கொண்டே போகும். ஒரே ஆலையில், ஒரே வருடத்தில் 20 டிகிரி, 50 டிகிரி, 110 டிகிரி என்று விதவிதமான சாய்வுகள் கிடைப்பது இப்படித்தான்.

இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. இன்றைய இயந்திரங்கள் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் நாணயம் அடிப்பவை. 700 என்றே வைத்துக்கொள்வோம். தளர்ந்த அச்சை ஆள் பார்த்து நிறுத்த பத்து நிமிடம் ஆனால் கோணல் நாணயம் 7,000. 'உலகத்திலேயே ஒரே ஒரு பீஸ்' என்று ஒரு அச்சுத் திருகல் நாணயத்தை யாராவது விற்க வந்தால் இந்தப் பெருக்கல் ஞாபகம் இருந்தால் போதும். வில்லை நகர்ந்து பாதி உருவம் மட்டும் விழுந்த நாணயம் போன்றவை, ஒரு அடியில் நேர்ந்த விபத்து. அச்சுத் திருகல் அப்படி இல்லை. அது கூட்டமாகப் பிறக்கும்.

அச்சும் அடியும் சென்னைக்குப் புதிதும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி கோட்டைக்குள் நடத்திய நாணயச்சாலை 1840-களின் தொடக்கத்தில் வடசென்னைக்கு இடம் மாறி, 1869-ல் மூடப்பட்டது. தங்கசாலை, மிண்ட் தெரு என்று இன்றும் பஸ்ஸில் டிக்கெட் கேட்கிறோமே, அந்தப் பெயர் அங்கிருந்து வந்ததுதான். இப்போது நாணயம் அடிப்பது மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய நான்கு ஊர்களில். நான்கும் 2006-ல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனமான எஸ்.பி.எம்.சி.ஐ.எல். கீழ் இயங்குகின்றன.

அரை நிமிடம் போதும்

இதைக் கண்டுபிடிக்க லென்ஸ் வேண்டாம், ஆப் வேண்டாம், 'எக்ஸ்பர்ட்' கட்டணமும் வேண்டாம்.

சிங்கத் தூண் இருக்கும் தலைப் பக்கத்தை உங்களைப் பார்த்து நேராக வையுங்கள். மேல் விளிம்பில் ஒரு விரல், கீழ் விளிம்பில் ஒரு விரல். கடிகாரத்தில் 12 மணியும் 6 மணியும் இருக்கும் இடம். இனி புத்தகத்தில் பக்கம் திருப்புவது மாதிரி, விரல் நழுவாமல், இடமிருந்து வலமாகத் திருப்புங்கள். பூப் பக்கம் நேராக நின்றால் நாணயம் சரியானது. குடியரசு இந்தியாவின் நாணயங்கள் பொதுவாக இந்த முறையில்தான் அடிக்கப்படுகின்றன.

நேராக நிற்கவில்லையா? சாய்வைக் கடிகார முள்ளாக நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணின் உச்சி 1 மணியைப் பார்த்தால் 30 டிகிரி. 3 மணி என்றால் 90. 6 மணி என்றால் முழுசாகத் தலைகீழ், 180. நாணயவியல் ஆய்வாளர்களே அச்சின் திசையைக் கடிகார மணிக்கணக்கில் குறித்துவைக்கும் வழக்கம் உண்டு. வலப்பக்கச் சாய்வா இடப்பக்கமா என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளலாம்.

பிடிக்கிற விரல் கொஞ்சம் நகர்ந்தாலே பத்து டிகிரி கூடக் குறையக் காட்டும். அதனால் ஒரு சின்ன வேலை செய்யலாம். நாணயத்தைக் கண்ணாடி போன்ற சிறு பிளாஸ்டிக் உறையில் போட்டு, சிங்கத்தின் உச்சிக்கு நேர் மேலே பேனாவால் ஒரு புள்ளி. உறையைத் திருப்பினால் புள்ளியும் கூடவே வரும். புள்ளிக்கும் பூப் பக்கத்தின் உச்சிக்கும் இடையே உள்ள கோணம்தான் உண்மையான சாய்வு. பள்ளிக்கூட ஜியோமெட்ரி பாக்ஸில் கிடக்கும் புரோட்ராக்டரை வைத்துப் பார்த்தால் சந்தேகமே வராது.

அளந்தால் 8 டிகிரி, 10 டிகிரி வருகிறதா? செலவழித்துவிடுங்கள். பொதுவாக 15 டிகிரிக்குக் கீழே இருப்பதைச் சேகரிப்பாளர்கள் பிழையாகவே மதிப்பதில்லை. அந்த அளவு ஆட்டம் எந்த ஆலையிலும் வரும்.

சில வடிவங்கள் கண்ணை ஏமாற்றும். 2005 வாக்கில் வந்த, கோடுகள் குறுக்கே சந்தித்து இடையிடையே புள்ளிகள் வைத்த நாணயத்தில் எது மேல் எது கீழ் என்றே சட்டென்று புரியாது. அங்கே படத்தை விட்டுவிட்டு எழுத்தையும் எண்ணையும் பார்க்க வேண்டும். பக்கங்கள் உள்ள நாணயங்களுக்கு இன்னொரு விதி. பாட்டியின் சுருக்குப்பையில் இருந்த சதுர 5 பைசா, அறுகோண 20 பைசா, இந்திய வரைபடம் போட்ட 11 பக்க 2 ரூபாய் இவற்றில் அச்சும் அந்த வடிவக் காலருக்குள் பொருந்தியாக வேண்டும். எனவே அது இஷ்டத்துக்குத் திருகாது, பக்கம் பக்கமாகத்தான் தாவும். சதுரத்தில் ஒரு தாவலுக்கு 90 டிகிரி, அறுகோணத்தில் 60. '35 டிகிரி திரும்பிய 5 பைசா' என்று யாராவது காட்டினால் பிழை நாணயத்தில் இல்லை என்று அர்த்தம்.

அமெரிக்காவிலிருந்து வந்த குவார்ட்டர்

நங்கநல்லூரில் பிள்ளையோ பெண்ணோ வெளிநாட்டில் இல்லாத தெருவைத் தேடுவது கஷ்டம். லீவுக்கு வந்துபோனவர்கள் விட்டுச்சென்ற அமெரிக்கக் குவார்ட்டர் ஷோகேஸில் கிடக்கும். மேலே சொன்ன சோதனையை அதில் செய்தால் பின்பக்கம் தலைகீழாக வரும். 180 டிகிரி! குதிக்க வேண்டாம். அமெரிக்க நாணயங்கள் எல்லாமே அப்படித்தான். அவர்களுடைய முறையில், நாணயத்தை மேலிருந்து கீழாகக் கவிழ்த்தால்தான் மறுபக்கம் நேராக வரும். பிரிட்டனின் இன்றைய நாணயங்களும் யூரோவும் நம் முறை. நாட்டின் வழக்கம் தெரியாமல் கோணத்தை அளந்தால் கையில் இருப்பதெல்லாம் 'எரர்' ஆகிவிடும்.

பழைய காலத்துக்குப் போனால் இந்தக் கேள்வியே அடிபட்டுப்போகிறது. சோழர் செப்புக் காசுகள் கையால் சம்மட்டி கொண்டு அடித்தவை. கீழ் அச்சின் மேல் உலோகத்தை வைத்து, மேல் அச்சைக் கையில் பிடித்து ஓர் அடி. கோணத்தைப் பூட்டிவைக்க அங்கே இயந்திரம் இல்லை. 'ராஜராஜன் காசு, ரொடேஷன் எரர்' என்று விளம்பரம் போடுகிறவருக்கு வரலாறும் தெரியவில்லை, நாணயமும் தெரியவில்லை. இரண்டாவது 'நாணயம்' எந்தப் பொருளில் என்பதைப் படிப்பவரே முடிவு செய்துகொள்ளலாம்.

எதை நம்பக் கூடாது?

முதலில் போட்டோ. தலைப் பக்கம் ஒரு படம், பூப் பக்கம் ஒரு படம். இரண்டாவது படத்தைப் போனில் கொஞ்சம் சுழற்றி வெட்டினால் ஆச்சு, 90 டிகிரி அச்சுத் திருகல் தயார். ஒரு பைசா செலவில்லை. வாங்குவதாக இருந்தால் உறையில் புள்ளி வைத்து, வெட்டாமல் ஒரே மூச்சில் எடுத்த வீடியோ கேட்பதுதான் குறைந்தபட்ச ஜாக்கிரதை. கொடுக்கத் தயங்குகிறவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

அடுத்து, பத்து ரூபாய். நடுவில் ஒரு உலோகம், சுற்றி ஒரு உலோகம் என்று இருக்கும் இந்த நாணயத்தில், வட்டமும் வளையமும் சேர்த்து ஒரே அடியில்தான் பதிகின்றன. எனவே உண்மையான அச்சுத் திருகலில், எந்த ஒரு பக்கத்தைத் தனியாகப் பார்த்தாலும் அது ஒழுங்காகவே இருக்கும். இரண்டு பக்கத்துக்கும் இடையேதான் கோணம் மாறும். அதே பக்கத்தில் நடு வட்டத்து உருவம் ஒரு பக்கம், வளையத்து எழுத்து ஒரு பக்கம் என்று விலகியிருந்தால், யாரோ நடுப்பகுதியைத் தட்டிக் கழற்றித் திருப்பி மாட்டியிருக்கிறார்கள். அது பிழை நாணயம் இல்லை, சேதப்படுத்திய நாணயம். 2011-ம் ஆண்டின் நாணயச் சட்டம், புழக்கத்தில் உள்ள நாணயத்தை உருக்குவதையும் சிதைப்பதையும் ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது என்பதையும் விற்பவருக்கு ஞாபகப்படுத்தலாம்.

மூன்றாவது கொஞ்சம் கைவேலை. இரண்டு நாணயங்களைக் கடைந்து, ஒன்றின் முகத்தை இன்னொன்றின் குழிக்குள் ஒட்டுவது. 'ஷோலே' படத்தில் அமிதாப் சுண்டும் இரண்டு பக்கமும் தலை உள்ள நாணயம் நினைவிருக்கிறதா? மேஜிக் கடைகளில் விற்கும் அந்த ரகமே கோணலாக ஒட்டப்பட்டு 'எரர்' என்ற பெயரில் வருகிறது. விளிம்பின் உள்ஓரத்தில் நகத்தை ஓட்டினால் ஒட்டு தட்டுப்படலாம். தரையில் போட்டால் கணீர் என்று ஒலிக்காது. எடையும் காட்டிக்கொடுக்கும்: 1992 முதல் 2004 வரை வந்த ஸ்டீல் ஒரு ரூபாய் 4.85 கிராம், 2011-ல் தொடங்கிய வரிசையின் ஒரு ரூபாய் 3.79 கிராம். நகைக்கடைத் தராசு மாதிரியான சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அப்படியானால் என்ன விலை?

விலையைத் தீர்மானிப்பது கோணம், நாணயத்தின் நிலை, அந்த வருடம் எவ்வளவு கிடைக்கிறது என்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, அன்றைக்கு அதைக் கேட்டு வாங்க ஒருவர் இருக்க வேண்டும். 90, 180 டிகிரிக்கு மவுசு அதிகம். 20, 25 டிகிரிக்குப் பெரும்பாலும் ஒரு டீ, வடை கிடைத்தால் லாபம். புழக்கத்தில் தேய்ந்த சாதாரண ஸ்டீல் நாணயத்துக்கு லட்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆன்லைனில் ஒருவர் கேட்கும் விலை வெறும் ஆசை. அந்த விலைக்கு விற்றுப் பணம் கைமாறியதா என்பதுதான் கேள்வி. ஏல நிறுவனங்கள் விற்று முடிந்த விலையை வெளியிடுகின்றன, அதைப் பார்க்கலாம். மெட்ராஸ் காயின் சொசைட்டி போன்ற அமைப்புகள் சென்னையில் நடத்தும் கண்காட்சிகளுக்குப் போய், நாலு மேஜையில் காட்டி நாலு விலை கேட்பது அதைவிட நல்லது. முதல் மேஜையிலேயே விற்றுவிடக் கூடாது.

காட்டுவதற்கு முன்னால் ஒரு வேண்டுகோள். அம்மாக்களிடம் கொடுத்துவிடாதீர்கள். குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்து நீட்டுவார்கள். அந்தப் பளபளப்போடு இருந்த கொஞ்ச விலையும் போய்விடும்.

'லட்சாதிபதி' செய்திகள் செய்வது என்ன?

சரி, ஒரு தளத்தில் நாலு கிளிக்குக்காக இப்படி ஒரு தலைப்பு வைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? சும்மா டைம்பாஸ்தானே என்று கேட்கலாம்.

நங்கநல்லூரில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மகனுக்கு ஐ.டி. வேலை. அப்பா ரிட்டையர்டு. பேப்பரைவிடப் போனில் செய்தி படிப்பதுதான் இப்போது பழக்கம். சாய்ந்த ஒரு ரூபாயைப் பார்க்கிறார், செய்தியையும் படிக்கிறார். பழைய பொருள் விற்கும் ஒரு தளத்தில் படமும் போன் நம்பரும் போடுகிறார். மறுநாளே அழைப்பு. "சார், உங்க காயினுக்கு மூணு லட்சம் ஃபைனல் ஆயிடுச்சு. ரிஜிஸ்ட்ரேஷனுக்கு மட்டும் ஒரு சின்ன அமௌன்ட் போட்டுடுங்க." போடுகிறார். அடுத்து ஜி.எஸ்.டி. அதன் பிறகு ரிசர்வ் வங்கி முத்திரையோடு ஒரு 'சர்டிபிகேட்', அதற்கு ஒரு கட்டணம். ஐந்தாவது தவணையில்தான் அவருக்கு உறைக்கிறது. மகனிடம் சொல்ல வெட்கம். சொல்லாமலே விட்டுவிடுகிறார்.

வீடு கற்பனைதான், நடைமுறை கற்பனை இல்லை. பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்பதாகச் சொல்லி, ரிசர்வ் வங்கியின் பெயரையும் லோகோவையும் காட்டி, கட்டணம், கமிஷன், வரி என்று மக்களிடம் பணம் கேட்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்ட் 4-ம் தேதி எச்சரிக்கை வெளியிட்டது. இந்த மாதிரி விற்பனையில் தனக்குச் சம்பந்தமே இல்லை, தன் பெயரில் கட்டணம் வாங்க யாருக்கும் அனுமதி கொடுக்கவும் இல்லை என்று அதில் சொன்னது. அதே காலகட்டத்தில்தான் வைஷ்ணோ தேவி உருவம் போட்ட 5, 10 ரூபாய் நாணயம் இருந்தால் 10 லட்சம் என்று செய்தித் தளங்கள் மாறி மாறி எழுதிக்கொண்டிருந்தன. எச்சரிக்கையையும் அதே தளங்கள் வெளியிட்டன, ஒரே ஒரு முறை. லட்சாதிபதிச் செய்தி மட்டும் மாதா மாதம் தலைப்பு மாறி வந்துகொண்டே இருக்கிறது.

மோசடிக்காரர் அந்தப் பெரியவரை நம்பவைக்கப் பாடுபட வேண்டியதே இல்லை. நம்பவைக்கும் வேலையை ஒரு செய்தித் தளத்தின் பெயர் ஏற்கெனவே செய்து கொடுத்துவிட்டது. 'சொல்லப்படுகிறது', 'கூறப்படுகிறது' என்று கடைசி வரியில் ஒரு வார்த்தை போட்டுத் தப்பித்துக்கொள்வது பத்திரிகை வேலை ஆகாது. யார் வாங்கினார், எந்த ஏலத்தில், எவ்வளவுக்கு என்ற மூன்று கேள்விக்கும் பதில் இல்லாத நாணயச் செய்தியைப் போடாமல் இருப்பது ஒன்றும் பெரிய தியாகம் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், இதே ஊரில்தான் நல்ல பத்து ரூபாய் நாணயத்தைச் 'செல்லாது' என்று கடையில் திருப்பிக் கொடுத்தார்கள். 14 வடிவங்களில் வந்த பத்து ரூபாய் நாணயங்கள் எல்லாமே செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. செல்லும் காசைச் செல்லாது என்று சொன்ன அதே வாட்ஸ்அப் குரூப், ஒரு ரூபாயை லட்சம் என்கிறது. இரண்டையும் யாரும் ஒரு நிமிடம் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பதில்லை.

ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார வேண்டாம். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே கூப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே முடக்கிவைக்க வாய்ப்பு அதிகம்.

பிழை நாணயம் கையில் இருப்பவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. ஒரு துண்டுச் சீட்டில் வருடத்தை எழுதுங்கள். வருடத்துக்குக் கீழே வைரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றுமே இல்லை என்றால் கொல்கத்தா. பிறகு கோணம், எந்தப் பக்கச் சாய்வு, எந்தத் தேதியில் எங்கே கிடைத்தது என்பது. சீட்டையும் நாணயத்தையும் ஒரே உறையில் போட்டு மூடிவிடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழவந்தாங்கலில் ரயில் ஏறினால் எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவைப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். சட்டைப்பையில் ஒரு சாய்ந்த ஒரு ரூபாய் இருக்கிறவருக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டிகள் வேறு மாதிரி தெரியும்.